பழைய டெஸ்க்டாப்பில் ஃபைபர் இன்டர்நெட்: பெட்டியைத் திறப்பதிலிருந்து பக்கம் திறப்பது வரை

2008க்கும் 2012க்கும் நடுவில் வாங்கிய டெஸ்க்டாப் ஒன்று உறை போட்டு மூடிக் கிடக்கிறது, தெருவுக்கு ஃபைபர் வந்துவிட்டது, அப்பா நாளிதழ் படிக்கவும் பிள்ளை விண்ணப்பம் நிரப்பவும் பெரிய திரை இருந்தால் நன்றாக இருக்குமே என்று வீட்டில் பேச்சு வருகிறது. கடையில் போய்க் கேட்டால் "புதுசாவே வாங்கிடுங்க சார்" என்பார்கள். அவசரப்பட வேண்டாம். கோர் 2 டுயோ அல்லது முதல் தலைமுறை ஐ3, 2 ஜிபியோ 4 ஜிபியோ ராம், விண்டோஸ் 7, சுழலும் ஹார்ட் டிஸ்க், இப்படி ஒரு பெட்டியை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். 2011இல் தொடங்கி தமிழக அரசு கொடுத்த இலவச லேப்டாப் உங்களிடம் இன்னும் உயிரோடு இருந்தால் அதற்கும் பெரும்பகுதி பொருந்தும்.

இந்த வேலையில் எல்லோரும் லைன் வேகத்தைப் பற்றியே பேசுகிறார்கள், ஆனால் இழுத்துப் பிடிப்பது பெரும்பாலும் கம்ப்யூட்டர்தான். அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தால் 40 எம்பிபிஎஸ்ஸுக்கும் 200 எம்பிபிஎஸ்ஸுக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. அதனால் முதலில் பெட்டி, அப்புறம்தான் லைன்.

பெட்டியைத் திறந்து பாருங்கள்

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு பக்கவாட்டு மூடியைக் கழற்றுங்கள். தூசி, எறும்பு, சில வீடுகளில் பல்லி முட்டை, எல்லாம் இருக்கும். சின்ன பெயின்ட் பிரஷ்ஷும் காற்றடிக்கும் புளோயரும் போதும், ஈரத் துணி வேண்டாம். புளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். மதர்போர்டில் பிராசஸரைச் சுற்றி நிற்கும் சிறு உருளைகளின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அந்த போர்டுக்குச் செலவு செய்யாதீர்கள், அந்தப் பணத்தை வேறு பெட்டிக்கு வைத்துக்கொள்ளலாம்.

நீண்ட நாள் கிடந்த பெட்டி ஆன் செய்ததும் பீப் பீப் என்று கத்தி, திரை கறுப்பாகவே நின்றால் பயப்பட வேண்டாம். ராம் துண்டைக் கழற்றி, அதன் தங்கநிற விளிம்பை பென்சில் அழிக்கும் ரப்பரால் இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, இரு பக்கப் பூட்டும் கிளிக் என்று விழும்வரை அழுத்தி மாட்டுங்கள். எந்த சர்வீஸ் கடையிலும் முதலில் செய்வது இதைத்தான், அதற்குத்தான் காசும் வாங்குவார்கள்.

அடுத்து, போர்டில் ஐந்து ரூபாய் நாணயம்போல வெள்ளியாக ஒரு பேட்டரி தெரியும், சிஆர்2032, 3 வோல்ட். தயங்காமல் மாற்றிவிடுங்கள். விலை மிகக் குறைவு, வாட்ச் கடையில்கூடக் கிடைக்கும். இது செத்துப்போனால் கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறையும் தன் தேதியை மறந்து பழைய ஆண்டுக்குப் போய்விடும், தேதி தப்பாக இருந்தால் இன்றைய இணையதளங்களில் பெரும்பாலானவை திறக்கவே திறக்காது. ஒரு தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை செல்லும் என்று எழுதப்பட்டிருக்கும், உங்கள் கம்ப்யூட்டர் 2009இல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தால் அதற்கு அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. "நெட் கனெக்ட் ஆகுது, ஆனா ஒரு சைட்டும் வரல" என்ற புலம்பல் வரும்போது முதலில் பார்க்க வேண்டியது திரையின் வலது கீழ் மூலையில் இருக்கும் கடிகாரத்தை. நேரம் மட்டுமல்ல, ஆண்டையும் பாருங்கள்.

பேட்டரி மாற்றியதும் பயாஸ் (விண்டோஸ் தொடங்கும் முன்னால் வரும் போர்டின் அமைப்புத் திரை) உள்ளே போய்த் தேதி, நேரம் சரிசெய்யுங்கள். ஆன் செய்த உடனே டெலிட் அல்லது எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் அந்தத் திரை வரும். அங்கே ஹார்ட் டிஸ்க் இணைப்பைக் குறிக்கும் சாட்டா என்ற இடத்தில் ஐடிஇ என்றோ ஏஹெச்சிஐ என்றோ இருக்கும். பேட்டரியைக் கழற்றியதில் அது மாறியிருந்தால் ஏற்கெனவே இருக்கும் விண்டோஸ் 7 நீலத் திரை காட்டி நின்றுவிடலாம். அப்படி நின்றால் மற்றதற்கு மாற்றிப் பாருங்கள், வேலை முடிந்தது.

பின்பக்கம் நெட் கேபிள் மாட்டும் லேன் போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள், டெலிபோன் பின்னை விடச் சற்று அகலமாக, எட்டுத் தகடுகள் தெரியும். அந்தக் கால போர்டுகளில் இது இரண்டு வகை. ஒன்று 100 எம்பிபிஎஸ்ஸோடு நிற்பது, மற்றது கிகாபிட், அதாவது 1000 வரை போவது. 100 வகையில் ஸ்பீட் டெஸ்ட் போட்டால் உச்சபட்சம் 94 அல்லது 95 காட்டும், அதற்கு மேல் எவ்வளவு காசு கட்டினாலும் வராது. போர்ட்டே செத்திருந்தால் பிசிஐ லேன் கார்டோ, யுஎஸ்பியில் மாட்டும் லேன் அடாப்டரோ வாங்கலாம். சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவில் ஒரு சுற்று வந்தால் போதும்.

எந்த பிளான்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். 2004இல் மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கை வெளியிட்டபோது 256 கேபிபிஎஸ் இருந்தாலே அது பிராட்பேண்ட், 2023இல்தான் அந்தக் கீழ்வரம்பு 2 எம்பிபிஎஸ் ஆனது. இன்று ஃபைபரில் கிடைக்கும் மிகச் சிறிய பிளானே அதைவிடப் பல மடங்கு. பழைய டெஸ்க்டாப்புக்கும் வீட்டில் மூன்று நான்கு போன்களுக்கும் 30 முதல் 50 எம்பிபிஎஸ் தாராளம். விளம்பரத்தில் எம்பிபிஎஸ் என்று போடுவது மெகாபிட், நீங்கள் டவுன்லோடில் பார்ப்பது மெகாபைட், எட்டால் வகுத்துக்கொள்ளுங்கள். 40 எம்பிபிஎஸ் லைனில் நொடிக்கு 5 எம்பி இறங்கினால் அதுதான் முழு வேகம், சண்டை போட ஒன்றுமில்லை.

மாத வாடகையின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வரும் என்பதையும், "அன்லிமிடெட்" என்றாலும் ஒரு அளவுக்குப் பிறகு வேகத்தைக் குறைப்பார்கள் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். யாரிடம் வாங்குவது? பெரிய நிறுவனமா, தெருவில் கேபிள் டிவி ஓட்டும் அண்ணனிடமா என்று கேட்டால், லைன் அறுந்தால் அன்றைக்கே வருபவர் யாரோ அவரிடம் என்பேன். பக்கத்து வீட்டில் விசாரித்தால் தெரிந்துவிடும். ஒரு வருடப் பணத்தை மொத்தமாக முன்கூட்டிக் கட்டாதீர்கள், முதல் சில மாதங்கள் மாதாமாதம் கட்டிப் பாருங்கள்.

லைன் போட வரும் நாள்

ஆதார் நகல் கேட்பார்கள், கொடுங்கள். கம்பத்திலிருந்து கறுப்புக் கம்பி ஒன்றை இழுத்து வந்து, சுவரில் துளை போட்டு, உள்ளே ஒரு பெட்டியில் சேர்ப்பார்கள். அந்தப் பெட்டியை மோடம் என்பார்கள், ரவுட்டர் என்பார்கள், ஓஎன்டி அல்லது ஓஎன்யு என்பார்கள். எல்லாம் ஒன்றுதான். கண்ணாடி இழையில் வரும் ஒளியை மின் சிக்னலாக மாற்றி, வைஃபையாகவும் லேன் போர்ட்டாகவும் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. அதை எங்கே வைக்கச் சொல்கிறீர்கள் என்பது முக்கியம். வாசல் பக்கத்துச் சுவரில் அவர்களுக்கு வசதியான இடத்தில் மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கம்ப்யூட்டர் மேசை இருக்கும் அறைக்குள்ளேயே, பிளக் பாயிண்ட் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஃபைபரை இன்னும் பத்து மீட்டர் இழுப்பது அவருக்குப் பெரிய வேலை இல்லை, நீங்கள் பின்னால் லேன் கேபிளை வீடு முழுக்க இழுப்பதுதான் பெரிய வேலை.

சுவர் மூலையில் ஃபைபரை நறுக்கென்று மடக்கி ஆணியடிக்க விடாதீர்கள், வளைவு வட்டமாக இருக்கட்டும். மடங்கிய இடத்தில் ஒளி கசிந்துவிடும். பச்சைத் தலை கொண்ட முனையை நீங்களாகக் கழற்ற வேண்டாம், கழற்றினால் முனையை விரலால் தொடவோ கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவோ கூடாது. உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி.

அவர் கிளம்பும் முன் மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள். முதலாவது, ஒளியின் அளவு. கையில் ஒரு சிறு மீட்டர் வைத்திருப்பார், அல்லது ஓஎன்டியின் உள்பக்கத்திலேயே ஆர்எக்ஸ் பவர் என்று காட்டும். மைனஸ் எண்ணாக வரும். மைனஸ் 15க்கும் மைனஸ் 25க்கும் நடுவில் இருந்தால் நிம்மதி. மைனஸ் 27ஐத் தொட்டால் அப்போதே சொல்லி முனையை மறுபடி ஒட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் விட்டு விட்டு வரும். இரண்டாவது, பிபிபிஓஇ, அதாவது லைனில் லாகின் செய்து நுழையும் முறைக்கான யூசர் ஐடியும் பாஸ்வேர்டும். மூன்றாவது, ஓஎன்டியின் அட்மின் பாஸ்வேர்ட். மூன்றாவதைத் தர மறுப்பவர்களும் உண்டு, அப்போது வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றும் அளவுக்காவது அனுமதி கேளுங்கள்.

விளக்குகளைப் பழகிக்கொள்ளுங்கள். ஓஎன்டியில் பான் என்று எழுதியிருக்கும் விளக்கு பச்சையாக நிலைத்து எரிய வேண்டும். லாஸ் விளக்கு சிவப்பாக மின்னினால் ஃபைபரில் ஒளியே வரவில்லை, கம்ப்யூட்டரில் தலைகீழாக நின்றாலும் பிரயோஜனமில்லை, போன் போட்டு ஆளைக் கூப்பிடுங்கள். பான் சரியாக இருந்து இன்டர்நெட் விளக்கு மட்டும் எரியாவிட்டால், அது யூசர் ஐடி பிரச்சினையோ பணம் கட்டாத பிரச்சினையோ.

பிபிபிஓஇ எங்கே போடுவது

இது கொஞ்சம் முக்கியமான இடம், நிதானமாகப் படியுங்கள். யூசர் ஐடியை ஓஎன்டிக்குள்ளேயே போட்டு அதையே டயல் செய்ய வைப்பது ஒரு வழி, இதை ரவுட்டர் மோட் என்பார்கள். ஓஎன்டியை வெறும் பாலமாக விட்டு, கம்ப்யூட்டரிலிருந்து டயல் செய்வது இன்னொரு வழி, பிரிட்ஜ் மோட். அந்தக் கால டெலிபோன் லைன் பிராட்பேண்டில் நிறையப் பேர் இரண்டாவது வழியில்தான் பழகியிருப்பார்கள், டெஸ்க்டாப்பில் ஒரு ஐகானை இரட்டைக் கிளிக் செய்து, கனெக்ட் கொடுத்து, காத்திருந்து. பழைய விண்டோஸ் வைத்திருப்பவர்கள் அந்த வழிக்குப் போகவே கூடாது என்பது என் கட்சி. ரவுட்டர் மோடில் வெளியிலிருந்து வரும் அழைப்பில்லாத வருகைகள் ஓஎன்டியோடு நின்றுவிடும், கம்ப்யூட்டர் அதன் பின்னால் ஒளிந்திருக்கும். 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய வானாக்ரை வைரஸில் அடிபட்டவை பெரும்பாலும் விண்டோஸ் 7 கணினிகள். யாரும் எதையும் கிளிக் செய்யாமலேயே நெட்வொர்க் வழியாக ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியது அது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது, போட்டுக்கொள்ளாதவர்கள் மாட்டினார்கள்.

ஏதோ காரணத்தால் பிரிட்ஜ் மோட்தான் என்று ஆகிவிட்டால், கண்ட்ரோல் பேனல், நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டர், செட் அப் எ நியூ கனெக்ஷன், கனெக்ட் டு தி இன்டர்நெட், பிராட்பேண்ட் பிபிபிஓஇ என்று போய் ஐடியும் பாஸ்வேர்டும் கொடுத்தால் போதும். ஃபயர்வாலை அணைக்காதீர்கள். சில உள்ளூர் ஆபரேட்டர்கள் முதலில் இணைந்த கருவியின் மேக் முகவரியை, அதாவது அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்ணைப் பூட்டி வைத்துவிடுவார்கள், பின்னால் ரவுட்டருக்கு மாற்றும்போது நெட் வராது, போன் செய்து "மேக் ரீசெட் பண்ணுங்க" என்றால் புரிந்துகொள்வார்கள்.

கேபிளா, வைஃபையா

டெஸ்க்டாப்புக்கு கேபிள். கேட்5இ வகை லேன் கேபிள் வாங்குங்கள், கிகாபிட்டையே 100 மீட்டர் வரை கொண்டுபோகும், அதற்கு மேல் விலையுள்ளது இந்த வேலைக்குத் தேவையில்லை. இரு முனையும் போட்டே வரும் கேபிள் வாங்கினால் நல்லது. கடையில் வெட்டிக் கிரிம்ப் செய்து வாங்கினால் கம்பிகளின் நிற வரிசையைக் கண்ணால் பாருங்கள்: ஆரஞ்சு கோடு போட்ட வெள்ளை, ஆரஞ்சு, பச்சைக் கோடு வெள்ளை, நீலம், நீலக் கோடு வெள்ளை, பச்சை, பிரவுன் கோடு வெள்ளை, பிரவுன். இரு முனையிலும் இதே வரிசை. கவனியுங்கள், பச்சை ஜோடிக்கு நடுவில் நீல ஜோடி புகுந்து நிற்கிறது. அவசரத்தில் ஜோடி ஜோடியாக அடுக்கிவிட்டால் பக்கத்தில் பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும், ஆனால் வேகம் விழும் அல்லது இணைப்பே நிற்காது. முனையில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் நாக்கு உடைந்த கேபிளை வைத்து ஓட்டாதீர்கள், மேசையைத் துடைக்கும்போதெல்லாம் கழன்று வரும்.

கேபிளை ஓஎன்டியின் லேன் 1இல் மாட்டி மறுமுனையைக் கம்ப்யூட்டரில் மாட்டினால் போர்ட்டின் ஓரத்தில் இரண்டு குட்டி விளக்குகளில் ஒன்று நிலையாக எரியும், மற்றது துடிக்கும். இரண்டும் இருட்டாக இருந்தால் கேபிள், போர்ட், அல்லது பயாஸில் லேன் அணைக்கப்பட்டிருப்பது, இந்த மூன்றில் ஒன்று.

கேபிள் போட வழியே இல்லை, வைஃபைதான் என்றால் யுஎஸ்பி வைஃபை டாங்கிள் ஒன்று வாங்குங்கள். விண்டோஸ் 7க்கு டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) உண்டா என்று அட்டையில் பார்த்துவிட்டு வாங்குங்கள், புதிதாக வரும் பலவற்றுக்கு இல்லை. மலிவான டாங்கிளும் பழைய லேப்டாப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டுமே பார்க்கும், 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் பட்டியலிலேயே வராது. ஓஎன்டியில் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் பிரித்து வையுங்கள், சேனலை 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றாக வையுங்கள், பாதுகாப்பை டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று வையுங்கள். டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் பழைய கருவிகள் சேரவே சேராது, பாஸ்வேர்ட் சரியாகத்தானே போடுகிறேன் என்று மண்டையை உடைத்துக்கொள்வீர்கள்.

டிரைவர், ஐபி, பழைய குப்பைகள்

புதிதாக விண்டோஸ் 7 போட்ட பெட்டி என்றால் லேன் டிரைவர் இல்லாமல் இருக்கலாம், நெட் இல்லாமல் டிரைவர் இறக்க முடியாது, டிரைவர் இல்லாமல் நெட் வராது. கம்ப்யூட்டர் ஐகானை வலது கிளிக் செய்து மேனேஜ், டிவைஸ் மேனேஜர் போங்கள். மஞ்சள் ஆச்சரியக்குறியோடு ஈதர்நெட் கன்ட்ரோலர் என்று நின்றால் அதன் ப்ராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ், ஹார்டுவேர் ஐடிஸ் பாருங்கள். வென் என்பதற்கு அடுத்து 8086 என்றிருந்தால் இன்டெல். 10இசி என்றிருந்தால் ரியல்டெக். டெவ் என்பதற்கு அடுத்து வரும் 8139, 8168 போன்ற எண்தான் மாடல். அதை வைத்துப் போனில் அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்தோ மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்தோ டிரைவரை இறக்கி, டேட்டா கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடலாம். "ஒரே கிளிக்கில் எல்லா டிரைவரும்" என்று கூவும் மென்பொருள்கள் பக்கம் போகாதீர்கள், டிரைவர் ஒன்று வந்தால் வேண்டாதது நான்கு கூடவே வரும்.

டிரைவர் ஏறியதும் பெரும்பாலும் தானாகவே நெட் வந்துவிடும். வராவிட்டால் விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, சிஎம்டி என்று ஆங்கிலத்தில் தட்டி, வரும் கறுப்புத் திரையில் ஐபிகான்ஃபிக் கொடுங்கள். 192.168 என்று தொடங்கும் முகவரி வந்தால் ஓஎன்டியோடு பேசிவிட்டது. 169.254 என்று தொடங்கினால் யாரும் முகவரி கொடுக்காததால் விண்டோஸ் தானே ஒன்றை எழுதிக்கொண்டது என்று அர்த்தம், கேபிளையும் ஓஎன்டியையும் பாருங்கள். முகவரி சரி என்றால் அதே திரையில் பிங் 8.8.8.8 கொடுங்கள். பதில் வந்தும் தளம் திறக்கவில்லையென்றால் தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்தான் கோளாறு.

பழைய கம்ப்யூட்டருக்கே உரிய தொல்லைகள் சில இருக்கின்றன, புதியதில் இவை வராது. ஒருகாலத்தில் யாரோ கையால் போட்டு வைத்த ஐபியும் டிஎன்எஸ்ஸும் அப்படியே நிற்கும். லேன் கனெக்ஷனின் ப்ராப்பர்ட்டீஸில் ஐபி வெர்ஷன் 4ஐத் திறந்து இரண்டையும் ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள். இன்டர்நெட் ஆப்ஷன்ஸ், கனெக்ஷன்ஸ் தாவலில் பழைய பிராட்பேண்ட் டயலர் இன்னும் உட்கார்ந்திருக்கும், எதைத் திறந்தாலும் பாஸ்வேர்ட் கேட்டு ஒரு சன்னல் குதிக்கும். நெவர் டயல் எ கனெக்ஷன் என்பதைத் தேர்ந்து, பழையதை ரிமூவ் செய்யுங்கள். அதே தாவலில் லேன் செட்டிங்ஸ் உள்ளே ப்ராக்ஸி என்று கல்லூரி விடுதியிலோ அலுவலகத்திலோ போட்டது இருந்தால் டிக்கை எடுத்துவிடுங்கள். காலாவதியான ஆன்டிவைரஸ் இருந்தால் முழுதாக நீக்குங்கள், சிலவற்றில் உள்ளிருக்கும் ஃபயர்வால் எல்லாவற்றையும் மறித்துக்கொண்டு நிற்கும். நெட்வொர்க் ஹோமா, வொர்க்கா, பப்ளிக்கா என்று விண்டோஸ் 7 கேட்டால், வீட்டில் இருந்தாலும் பப்ளிக் என்றே சொல்லுங்கள்.

நெட் வந்துவிட்டது, பிரௌசர்?

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைத் திறக்கவே வேண்டாம். விண்டோஸ் 7க்கு குரோம் 109ஓடு நின்றுவிட்டது, 2023 தொடக்கத்தில் வந்தது அது. ஃபயர்ஃபாக்ஸ் 115 இஎஸ்ஆர் (நீண்ட நாள் ஆதரவுப் பதிப்பு) கொஞ்சம் தேவலை, 115க்குப் பின் வந்த புதிய பதிப்புகள் விண்டோஸ் 7இல் ஏறாவிட்டாலும் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் மொசில்லா பல முறை நீட்டித்துக் கொடுத்தது. இன்னொரு சௌகரியம், தளங்களின் சான்றிதழை நம்பலாமா என்று சரிபார்க்க உதவும் மூலச் சான்றிதழ்களை ஃபயர்ஃபாக்ஸ் தன்னிடமே வைத்திருக்கிறது, விண்டோஸின் பழைய பட்டியலை நம்பியிருப்பதில்லை. 2021 செப்டம்பர் 30இல் பரவலாகப் பயன்பட்ட ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானபோது பழைய கருவிகள் பலவற்றில் திடீரென்று தளங்கள் திறக்காமல் போனது நினைவிருக்கலாம், அந்த மாதிரிச் சிக்கலிலிருந்து இது காப்பாற்றும். ஃபயர்ஃபாக்ஸ் ஏற சர்வீஸ் பேக் 1 வேண்டும், விண்டோஸ் அப்டேட் ஓட கேபி4474419 என்ற திருத்தம் வேண்டும், இரண்டையும் மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்தே எடுங்கள்.

விண்டோஸ் எக்ஸ்பியா? அதற்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8இல் முடிந்தது. அதை நெட்டில் போடாதீர்கள், இதில் பேச்சே இல்லை. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14இல் முடிந்தது, விண்டோஸ் 10க்கே 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. 11 இந்தப் பெட்டியில் முறைப்படி ஏறாது. ஆக, விண்டோஸ் 7ஐ வைத்துக்கொண்டு நாளிதழ் படிக்கலாம், யூடியூப் பார்க்கலாம், ஆனால் வங்கி வேலையைப் போனில் செய்யுங்கள்.

உண்மையில் நான் பரிந்துரைப்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டின், எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை. 2 ஜிபி ராமில் தள்ளாடும், 4 ஜிபியில் நன்றாகவே ஓடும், கோர் 2 டுயோ 64 பிட் என்பதால் தடையில்லை. ரியல்டெக், இன்டெல் லேன் சில்லுகளுக்கான டிரைவர் அதற்குள்ளேயே இருக்கும், கேபிளை மாட்டினால் நெட் வந்துவிடும். கோப்பை இறக்கி, ரூஃபஸ் என்ற சிறு மென்பொருளால் 8 ஜிபி பென் டிரைவில் எழுதுங்கள். ரூஃபஸின் புதிய பதிப்புகள் விண்டோஸ் 7இல் ஓடாது, 3.22 தான் அதற்குக் கடைசி. பென் டிரைவை மாட்டி, ஆன் செய்யும்போது பூட் மெனு விசையைத் தட்டுங்கள். டெல்லில் எஃப்12, ஹெச்பியில் எஸ்கேப் அல்லது எஃப்9, ஏசுஸ் போர்டுகளில் எஃப்8. நிறுவாமலேயே மின்ட் முழுதாக ஓடும், ஹார்ட் டிஸ்க்கில் எதுவும் மாறாது.

நிறுவ உத்தேசம் இல்லாவிட்டாலும் இந்தப் பென் டிரைவைச் செய்து வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் நெட் வராமல், கோளாறு லைனிலா கம்ப்யூட்டரிலா என்று தெரியாமல் நிற்கும்போது, மின்ட்டில் பூட் செய்து பாருங்கள். அதில் நெட் வந்தால் கேபிள், போர்ட், ஓஎன்டி, லைன் நான்கும் சரி, குற்றவாளி விண்டோஸ். அதிலும் வராவிட்டால் கஸ்டமர் கேரிடம் தெம்பாகப் பேசலாம். "உங்க சிஸ்டம்ல பிராப்ளம் சார்" என்ற வசனம் அப்புறம் எடுபடாது.

தமிழ் தட்டச்சு என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு, தமிழ்99 விசைப்பலகை அதில் கிடைக்கிறது, ஐபஸ் என்ற மொழி உள்ளீட்டு வசதி வழியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

வேகம் ஏன் குறைகிறது

முதலில் போனில், ஓஎன்டிக்குப் பக்கத்தில் நின்று, 5 கிகாஹெர்ட்ஸில் ஸ்பீட் டெஸ்ட் போடுங்கள். பிளான் வேகம் வந்தால் லைன் சரி. அப்புறம் கம்ப்யூட்டரில் போடுங்கள், போடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்திருங்கள். சிபியு 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறதென்றால் உங்கள் பெட்டியால் அவ்வளவுதான் முடியும். நெட்வொர்க்கிங் தாவலில் லிங்க் ஸ்பீட் 10 எம்பிபிஎஸ் என்று காட்டினால் கேபிளை மாற்றுங்கள்.

யூடியூப் திக்கினால் அதுவும் பெரும்பாலும் நெட் இல்லை. இப்போது அங்கே வரும் விபி9, ஏவி1 வகை வீடியோக்களை விரிக்கும் வன்பொருள் அந்தக் கால கிராஃபிக்ஸில் கிடையாது, முழுப் பாரமும் பிராசஸர் தலையில். பழைய ஹெச்264 வகை வீடியோவையே யூடியூபிடம் கேட்டு வாங்கும் ஹெச்264இஃபை என்ற நீட்டிப்பை பிரௌசரில் சேர்த்து, 480பியில் வையுங்கள், போதும். யூபிளாக் ஆரிஜினும் சேருங்கள், விளம்பரங்கள் இறங்காததாலேயே செய்தித் தளங்கள் பாதி நேரத்தில் திறப்பதுபோல் இருக்கும்.

காசு செலவழிக்க மனமிருந்தால் பிளானை உயர்த்தாமல் ஒரு 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி வாங்குங்கள். பழைய போர்டின் சாட்டா வேகம் பாதிதான் என்றாலும் சுழலும் டிஸ்க்கோடு ஒப்பிடவே முடியாது, பிரௌசர் திறக்கும்போதே தெரிந்துவிடும். அடுத்து ராமை 4 ஜிபி ஆக்குங்கள். டிடிஆர்2வா டிடிஆர்3யா என்று பழைய துண்டின் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள், ஒன்றில் மற்றது நுழையாது.

கரண்டும் இடியும்

கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் பழைய டெலிபோன் லைன்போல இடி நேரே உள்ளே வராது. ஆனால் ஓஎன்டியின் அடாப்டர் வழியாக வரும், அங்கிருந்து லேன் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டரின் போர்ட்டுக்குத் தாவும். ஐப்பசியில் இடி இடிக்கத் தொடங்கினால் ஓஎன்டியின் பிளக்கையும் லேன் கேபிளையும் கழற்றிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது.

கரண்ட் போனால் கம்ப்யூட்டரின் யுபிஎஸ் சில நிமிடம் தாங்கும், ஓஎன்டி அணைந்துவிடும். 12 வோல்ட் மினி யுபிஎஸ் தனியாகக் கிடைக்கிறது, அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் அதோடு பொருந்துகிறதா, பின்னின் தடிமன் ஒன்றா என்று பார்த்து வாங்குங்கள். அதைப் போட்டால் கரண்ட் போன நேரத்தில் போனிலாவது நெட் ஓடும்.

கடைசியாக, வாடிக்கையாளர் எண், பிபிபிஓஇ ஐடி, ஓஎன்டி முகவரியான 192.168.1.1 அல்லது உங்கள் பெட்டியின் அடியில் அச்சிட்டிருப்பது, லைன்மேன் போன் எண், நல்ல நாளில் எடுத்த ஆர்எக்ஸ் பவர் அளவு, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி கேபினட்டின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். பாஸ்வேர்டை மட்டும் வேறிடத்தில் வையுங்கள்.